பாயிண்ட்டுல பெட்ரோல் வருமா?

பீளமேடு, சரவணம்பட்டி, பொள்ளாச்சி, கோபி, எந்த ஊர்ல எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள போனாலும் பில் போடுற அக்கா முதல்ல கேக்குறது ஒண்ணுதான்: "போன் நம்பர் சொல்லுங்க தம்பி, பாயிண்ட் ஏறும்." அங்கிருந்து கிளம்பி பெட்ரோல் பங்க்குக்குப் போனா அங்கேயும் அதே கேள்வி. இது போதாதுன்னு மால் வாசல்ல மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற பேங்க் ஆளுங்க, "மளிகை வாங்குங்க, பெட்ரோல் ஃப்ரீயா அடிச்சுக்கோங்க"ன்னு கிரெடிட் கார்டு ஃபார்மை நீட்டுறாங்க. ஹாஸ்டல்லயும் வாடகை வீட்டு ரூம்லயும் இப்போ இதுதான் பேச்சு. மூணாவது வருஷம் வந்து கைக்கு பைக் வந்தவன் எல்லாம் பாயிண்ட் கணக்கு பேசுறான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பெட்ரோல் வரும், பொய் இல்லை. ஆனா அது நம்ம செலவுல வராது, வீட்டுச் செலவுல வரும். நமக்குன்னு தனியா ஒரு கார்டு வாங்குறதுல புண்ணியம் இல்லை. வீட்டுல ஏற்கனவே இருக்கிற கார்டுக்கும், யாரும் எடுக்காமக் கிடக்கிற பாயிண்ட்டுக்கும் கணக்குப் பாக்குறதுதான் நாம செய்யக்கூடிய வேலை. பாயிண்ட்டுங்கறது சேமிப்பும் இல்லை. பில்லுலயே கழிச்சுக் கொடுத்திருக்கக்கூடிய தள்ளுபடியை நிறுத்தி வெச்சு, நிபந்தனை போட்டு, காலாவதி தேதியும் போட்டு லேட்டா கையில தர்றாங்க.

எம்.எஸ். படிக்கப் போன சீனியர்கள் அமெரிக்காவிலிருந்து பேசும்போது க்ரோகர் கடையைப் பத்திச் சொல்லுவாங்க. அங்க கணக்கு ரொம்ப எளிசு. ஒரு டாலருக்கு மளிகை வாங்கினா ஒரு பாயிண்ட். 100 பாயிண்ட் சேர்ந்தா ஒரு கேலன் பெட்ரோலுக்கு 10 சென்ட் கம்மி. 1000 பாயிண்ட் சேர்ந்தா கேலனுக்கு ஒரு டாலர் கம்மி, அதுவும் ஒரு தடவை அடிக்கிறதுல 35 கேலன் வரைக்கும். இந்த மாசம் சேர்த்த பாயிண்ட் அடுத்த மாசக் கடைசியோட செத்துப்போகும். நாலு பேர் ஒரே அப்பார்ட்மெண்ட்ல தங்கி, ஒரே நம்பர்ல மளிகை வாங்கி, மாசக் கடைசியில இருக்கிற ஒரு காருக்கு டேங்க் நிறைய அடிச்சா லாபம் கண்ணுக்குத் தெரியும். காரணம், க்ரோகர் தன் கடை வாசல்ல தானே பெட்ரோல் பம்ப்பும் வெச்சிருக்கு. விலையைக் குறைக்கிற அதிகாரம் அந்தக் கடைக்கே இருக்கு.

நம்ம ஊர்ல அது நடக்காது. இங்க 2010 ஜூன்ல பெட்ரோலும் 2014 அக்டோபர்ல டீசலும் அரசோட விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுச்சு. 2017 ஜூன் 16லிருந்து நாடு முழுக்க தினசரி விலை. ஆனா அந்த விலையைப் போடுறது எண்ணெய் கம்பெனி. அவிநாசி ரோட்டுல பங்க் வெச்சிருக்கிறவர் ஒரு லிட்டருக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்குற டீலர்தான், நினைச்சா அஞ்சு ரூபாய் குறைச்சு விக்க முடியாது. அதனால மளிகைக் கடை பாயிண்ட் கொடுத்து பங்க்குல கழிக்கிற ஏற்பாடு இங்க வேற வழியில வருது: எண்ணெய் கம்பெனியும் பேங்க்கும் கூட்டு சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டு விடறாங்க. மளிகைக்கு அந்தக் கார்டைத் தேய்ச்சா பெட்ரோலுக்குப் பாயிண்ட்.

இதுல நம்ம வீடுகள்ல பொதுவா பாக்குறது ரெண்டு. ஒண்ணு இந்தியன் ஆயில் – எச்டிஎஃப்சி கார்டு. இன்னொண்ணு பிபிசிஎல் – எஸ்பிஐ கார்டு. ரெண்டோட விதிமுறையையும் உட்கார்ந்து படிச்சேன். (செமஸ்டர் சிலபஸை இப்படிப் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பேன்.) விதிமுறை அடிக்கடி மாறும், நீங்களும் ஒருதடவை பேங்க் பக்கத்துல பார்த்துக்கோங்க.

இந்தியன் ஆயில் – எச்டிஎஃப்சி கார்டுல மளிகைக்கு 5 சதவீதம், இந்தியன் ஆயில் பங்க்குல பெட்ரோலுக்கு 5 சதவீதம், கரண்ட் பில் மாதிரி பில்களுக்கு 5 சதவீதம் பாயிண்ட். ஒரு ஃபியூவல் பாயிண்ட்டை இந்தியன் ஆயிலோட எக்ஸ்ட்ராரிவார்ட்ஸ் பாயிண்ட் மூணா மாத்தினா 96 காசு. கேக்க நல்லா இருக்கா? இப்போ உச்சவரம்பைப் பாருங்க. மளிகைக்கு மாசம் 100 பாயிண்ட்தான். பில்லுக்கும் 100. பெட்ரோலுக்கு முதல் 6 மாசம் மாசத்துக்கு 250, அப்புறம் 150.

அஞ்சு சதவீதத்துல 100 பாயிண்ட்டுன்னா மளிகை 2000 ரூபாய். அவ்வளவுதான். உங்க வீட்டுல மாசம் 7000 ரூபாய்க்கு மளிகை வாங்கினாலும், அந்த 5 சதவீதம் முதல் 2000 ரூபாயோட முடிஞ்சுது. மீதி 5000 ரூபாய்க்கு அது கிடையாது. விளம்பரத்துல 5ங்கற எண்தான் பெருசாத் தெரியும், 100ங்கற எண் கீழ பொடி எழுத்துல இருக்கும். எதையும் டிசைன் பண்ணும்போது முதல்ல லிமிட்டைப் பாருங்கன்னு நமக்குச் சொல்லித் தர்றாங்க இல்லையா, இங்கேயும் அதேதான்.

சரி, அன்னூர் பக்கம் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்குவோம். அப்பாவுக்கு ஒரு எக்ஸெல், அண்ணனுக்கு ஒரு பைக், எப்பவாவது எடுக்கிற ஒரு பழைய கார். பெட்ரோல் மாசம் 3000. மளிகை 6000. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கரண்ட் பில்லும் மத்த பில்லும் சேர்ந்து 2000. பெட்ரோலுக்கு 150 பாயிண்ட், மளிகைக்கு 100, ஆக மாசம் 250. பில் வர்ற மாசம் இன்னொரு 100. வருஷத்துக்கு 3600 பாயிண்ட், 96 காசு வீதம் 3456 ரூபாய். லிட்டர் நூத்திச் சொச்சம் விக்கிற இந்தக் காலத்துல சுமார் 34 லிட்டர். வருஷம் 50,000 ரூபாய்க்கு மேல கார்டுல செலவு ஆகுறதால 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் தள்ளுபடி. அந்த வீட்டுக்கு இது கிட்டத்தட்ட நாலு கேஸ் சிலிண்டர். இதை வேண்டாம்னு சொல்ல நான் யாரு? தாராளமா எடுத்துக்கோங்க.

இப்போ நம்ம கணக்கைப் போடுவோம். ரூம்ல தங்கி, மெஸ்ல சாப்பிட்டு, வாரத்துக்கு ஒருக்கா 200 ரூபாய்க்கு பெட்ரோல் அடிக்கிற ஆள். பிபிசிஎல் – எஸ்பிஐ கார்டுல பாரத் பங்க்குல 100 ரூபாய்க்கு 13 பாயிண்ட், நாலு பாயிண்ட்டுக்கு ஒரு ரூபாய், அதாவது 3.25 சதவீதம். 200 ரூபாய்க்கு ஆறரை ரூபாய். மாசத்துக்கு 26 ரூபாய். வருஷத்துக்கு 300 ரூபாய் சொச்சம். கார்டோட ஆண்டுக் கட்டணம் 499, மேல ஜிஎஸ்டி. 50,000 செலவு பண்ணினா கட்டணம் கிடையாதுதான், ஆனா மாணவன் எங்க போய் 50,000 செலவு பண்ணுவான்? அந்தக் கார்டுலயே மளிகைக்கும் டிபார்ட்மெண்ட் ஸ்டோருக்கும் 100 ரூபாய்க்கு 5 பாயிண்ட், அதாவது ஒண்ணேகால் ரூபாய். நாலு பேர் ரூம்ல மாசம் 1000 ரூபாய்க்கு நூடுல்ஸ், முட்டை, பால் பவுடர் வாங்கினா பன்னெண்டரை ரூபாய், ஆளுக்கு மூணு ரூபாய் சொச்சம்.

இந்த ஆறரை ரூபாய்க்காக "அந்தக் கம்பெனி பங்க்குதான் வேணும்"னு நாலு கிலோமீட்டர் தள்ளிப் போறவங்களைப் பார்த்திருக்கேன். போக வர எட்டு கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தா 18 ரூபாய் பெட்ரோல் வழியிலேயே எரிஞ்சு போச்சு. சுண்டைக்காய் காப்பணம், சுமைகூலி முக்காப்பணம்னு நம்ம ஆத்தாக்கள் சொன்னது இதைத்தான்.

கார்டு சமாச்சாரத்துல இன்னொரு குழி இருக்கு. கிரெடிட் கார்டுல பெட்ரோல் அடிச்சா 1 சதவீத சர்சார்ஜ் போடுவாங்க, அப்புறம் திருப்பித் தருவாங்க. பல கார்டுகள்ல அந்தத் திருப்பித் தர்றது 400 ரூபாய்க்கு மேல அடிச்சாத்தான். நூறுக்கும் இருநூறுக்கும் அடிக்கிற நம்ம பழக்கத்துக்கு அது ஒத்து வராது. அதையெல்லாம் விட, ஒரு மாசம் பில்லை முழுசா கட்டாம விட்டுட்டா வட்டி மாசம் மூணரை சதவீதத்துக்கு மேலயும் போகும். லேட் ஃபீஸ் தனி. வருஷம் பூரா சேர்த்த 300 ரூபாயை ஒரே ஒரு மறதி தின்னுரும். கேம்பஸ்ல வேலை கிடைச்சு, சம்பளம் வந்த பிறகு கார்டு வாங்கிக்கலாம். அதுவரைக்கும் மால் வாசல்ல நீட்டுற பேனாவை வாங்காதீங்க.

மளிகைன்னு சொன்னேன் இல்லையா, எது மளிகைன்னு யார் முடிவு பண்றா? கடை போர்டு இல்லை. பில்லுல இருக்கிற அரிசி பருப்பும் இல்லை. கார்டு மெஷினை அந்தக் கடைக்குக் கொடுக்கும்போது ஒரு நாலு இலக்க எண் கொடுத்திருப்பாங்க, மெர்ச்சண்ட் கேட்டகிரி கோட்னு பேர். சூப்பர் மார்க்கெட், மளிகைக்கு 5411. டிபார்ட்மெண்ட் ஸ்டோருக்கு 5311. பெட்ரோல் பங்க்குக்கு 5541. பேங்க் கம்ப்யூட்டருக்குத் தெரியுறது அந்த எண் மட்டும்தான். நம்ம ஊர்ல இதுல ஒரு வேடிக்கை உண்டு. கோயமுத்தூர்ல சூப்பர் மார்க்கெட்டையே நாம "டிபார்ட்மெண்ட் ஸ்டோர்"னுதான் சொல்றோம். துவரம்பருப்பு வாங்கப் போற இடம் டிபார்ட்மெண்ட் ஸ்டோர். ஆனா கார்டு உலகத்துல டிபார்ட்மெண்ட் ஸ்டோர்னா துணி, பாத்திரம், மேக்கப்னு பிரிவு பிரிவா விக்கிற பெரிய கடை. ஒரு கடைக்கு எந்த எண் கொடுத்திருக்காங்கன்னு வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முதல் மாசம் 200 ரூபாய்க்கு ஒரு சின்ன பில் போட்டுப் பாருங்க, பாயிண்ட் எவ்வளவு ஏறியிருக்குன்னு ஸ்டேட்மெண்ட்ல பாருங்க, அப்புறமா வீட்டு மளிகை மொத்தத்தையும் அங்க மாத்தலாமான்னு யோசிங்க. அண்ணாச்சி கடையில ஒட்டி வெச்சிருக்கிற க்யூஆர்ல ஜிபே பண்ணி பேங்க் கணக்கிலிருந்து பணம் போனா கார்டு பாயிண்ட் எதுவும் வராது, அது வேற கதை.

அண்ணாச்சி கடைன்னதும் ஞாபகம் வருது. பாயிண்ட்டுக்காக அங்க வாங்குறதை நிறுத்தணுமா? நான் கூடாதுன்னுதான் சொல்லுவேன், சென்டிமெண்ட்டுக்காக இல்லை, கணக்குக்காகவே. மாசக் கடைசியில நோட்டுல எழுதிட்டு, ஒண்ணாம் தேதி கொடுத்தா போதும்னு சொல்ற கடை வட்டியில்லாக் கடன் கொடுக்குது. மூணரை சதவீத வட்டி போடுற கார்டோட அதை வெச்சுப் பாருங்க. காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கு. 1999ல ஆரம்பிச்ச திட்டம், ஆர்.எஸ்.புரத்துலயும் சிங்காநல்லூர்லயும் காலையில போனா விவசாயியே கொண்டாந்து வெச்சிருப்பாரு. அங்க பாயிண்ட் கிடையாது, விலையே கம்மி. ரேஷன் கடையில துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே பருப்பு நூறைத் தாண்டி விக்குது. ஒரு கிலோ ரேஷன் பருப்புல மிச்சமாகுற 70 ரூபாயை 5 சதவீதப் பாயிண்ட்டுல எடுக்கணும்னா 1400 ரூபாய்க்கு மளிகை வாங்கணும். ரேஷன் கடை க்யூவுல நிக்க வெக்கப்பட்டுட்டு பாயிண்ட் ஆப்பை ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருக்கிறது எனக்குப் புரியலை.

பாயிண்ட்டோட உண்மையான வேலை என்னன்னா, நாம வாங்காததை வாங்க வைக்கிறது. பக்கத்து ரூம் பையன் ஒருத்தன் 1420 ரூபாய் பில்லோட கவுண்டர்ல நின்னான். 1500 ஆச்சுன்னா 100 பாயிண்ட் எக்ஸ்ட்ரான்னு சொன்னாங்க. உடனே ஓடிப்போய் 80 ரூபாய்க்குச் சாக்லேட் எடுத்துட்டு வந்தான். அந்தக் கடையில 100 பாயிண்ட்டுக்கு மதிப்பு 25 ரூபாய். 80 ரூபாய் கொடுத்து 25 ரூபாய் சம்பாதிச்ச சந்தோஷம் அவன் முகத்துல இருந்துச்சே, மாப்ள, அதுக்காகத்தான் கடைக்காரன் அந்தத் திட்டத்தையே வெச்சிருக்கான்.

சரி, இந்தப் பணம் எங்கிருந்து வருது? கார்டைத் தேய்க்கும்போது ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் கிட்டயிருந்தோ கம்பெனி கிட்டயிருந்தோ ஒரு சின்ன சதவீதம் பேங்க்குக்குப் போகுது. பாயிண்ட் அதுல ஒரு துண்டு. 2017 ஜனவரியில இது வெளிச்சத்துக்கு வந்துச்சு. பண மதிப்பிழப்பு முடிஞ்ச கையோட, கார்டுல அடிக்கிற பெட்ரோலுக்கு 1 சதவீதம் டீலர் கிட்ட பிடிக்கப்போறோம்னு பேங்க்குகள் சொல்ல, கார்டே வாங்க மாட்டோம்னு பங்க் டீலர்கள் அறிவிச்சுட்டாங்க. அரசு தலையிட்ட பிறகுதான் அடங்குச்சு. அதே சமயத்துல டிஜிட்டலா பணம் கட்டினா பெட்ரோலுக்கு 0.75 சதவீதம் தள்ளுபடின்னு கொடுத்தாங்க, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். கிரெடிட் கார்டுக்கு அது 2019 அக்டோபர் 1ஆம் தேதியோட நின்னுபோச்சு. கொடுக்கிறவங்க நிறுத்தணும்னா நிறுத்திடுவாங்க. நம்ம கிட்ட கேக்க மாட்டாங்க. அதனாலதான் பாயிண்ட்டைச் சேர்த்து வைக்காதீங்க, சேரச் சேர எடுத்துருங்கன்னு சொல்றேன். பேங்க்ல கிடக்கிற பணத்துக்கு வட்டி வரும். கிடக்கிற பாயிண்ட்டுக்கு வர்றது காலாவதி தேதி.

வாங்குனதுக்குத் தகுந்த மாதிரி திருப்பித் தர்றதுங்கிற யோசனை ஒண்ணும் புதுசு இல்லை, அதோட பழைய வடிவம் இதைவிட நேர்மையா இருந்துச்சு. இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்துல ராச்டேல்னு ஒரு மில் ஊர். 1844ல அங்க நெசவாளிகளும் மத்த தொழிலாளிகளுமா 28 பேர் சேர்ந்து ஒரு மளிகைக் கடை போட்டாங்க. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ்னு கொஞ்சம்தான் சரக்கு. லாபத்தை உறுப்பினர்களுக்கு, அவங்கவங்க வாங்கின அளவுக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக் கொடுத்தாங்க. பணமா. அறுபது வருஷம் கழிச்சு 1904ல அந்த யோசனை திருவல்லிக்கேணிக்கு வந்து, டியுசிஎஸ் கூட்டுறவுச் சங்கம் ஆச்சு. நம்ம ஊர்ல அதே பரம்பரைதான் சிந்தாமணி. வடகோவைப் பக்கம் பஸ் ஏறுறவங்களுக்கு அது ஸ்டாப் பேரு. ஆனா அது ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையோட பேரு, மளிகையும் விக்குது, பெட்ரோல் பங்க்கும் நடத்துது. மளிகையும் பெட்ரோலும் ஒரே கூரைக்குக் கீழ, அதுவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூரை. தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு பேர் வாங்கின ஊர்ல, நிஜ மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிங்க கண்டுபிடிச்சதை மறந்துட்டு, பேங்க் கொடுக்கிற 96 காசுக்கு க்யூவுல நிக்கிறோம். மளிகை வாங்கின உறுப்பினருக்குப் பங்க்குல ஒரு சலுகைன்னு சிந்தாமணி மாதிரி ஒரு சங்கம் செஞ்சா நான் முதல் ஆளா உறுப்பினராச் சேருவேன்.

போன் நம்பர் விஷயத்துல ஒண்ணு மட்டும். கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. பில் போட வாடிக்கையாளர் கிட்ட போன் நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாதுன்னு ஒன்றிய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கு. பாயிண்ட் வேணும்னா கொடுங்க, வேண்டாம்னா "இல்லைங்க்கா, அப்படியே போடுங்க"ன்னு சொல்லலாம். கொடுக்கிறதா இருந்தா வீட்டுல எல்லாரும் ஒரே நம்பரைக் கொடுங்க. அப்பா நம்பர்ல 40, அம்மா நம்பர்ல 65, உங்க நம்பர்ல 30ன்னு சிதறிக் கிடந்தா, குறைஞ்சபட்சம் இத்தனை இருந்தாத்தான் எடுக்கலாம்னு சொல்ற கடையில மூணுமே வீண்.

இந்த வாரம் ஊருக்குப் போறவங்க அம்மா போனை வாங்கி மெசேஜ்ல "பாயிண்ட்ஸ்"னு தேடிப் பாருங்க. பாதி வீட்டுல பாயிண்ட் காலாவதி ஆகப்போகுதுன்னு மெசேஜ் வந்து, படிக்காமக் கிடக்கும். கார்டு இருந்தா, மளிகைக்கான அந்த முதல் 2000 ரூபாயை மட்டும் அதுல போடச் சொல்லுங்க, பெட்ரோலை அந்தக் கம்பெனி பங்க்கு வழியில இருந்தா மட்டும் அதுல அடிக்கச் சொல்லுங்க. கார்டு பில்லுக்கு ஆட்டோ டெபிட் போட்டுக் கொடுத்துட்டு வாங்க, அதுவும் முழுத் தொகைக்கு. "மினிமம்"னு இருக்கிறதைத் தொடாதீங்க. பங்க்குல பாயிண்ட்டைக் கழிக்கும்போது கார்டோ, கார்டுக்காரர் போனுக்கு வர்ற ஓடிபியோ வேணும். நீங்க பங்க்குல நின்னுட்டு "அப்பா, நம்பர் சொல்லுங்க"ன்னு கூப்பிடற நேரத்துல அவரு போனை மரத்துல மாட்டிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருப்பாரு. அதனால அவரோட எக்ஸெலுக்கு அடிக்கப் போகும்போது, அவரையே கூட்டிட்டுப் போய்க் கழிச்சுக்கோங்க.